ரேகை விழாத கட்டைவிரல்

மருந்து ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல செய்தி வந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கெட்ட செய்தியை யாரும் சும்மா நம்புவதில்லை, இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். நல்ல செய்தி வந்தால் மட்டும் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எங்கிருந்து வருகிறாய் என்றுகூடக் கேட்காமல் உட்காரவைத்துவிடுவார்கள்.

இப்படியே பேசிப் பேசித்தான் மதுரையில் நான் வேலை பார்த்த புற்றுநோய் மருத்துவமனையில் எனக்குப் 'போலீஸ்காரம்மா' என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் போலீஸ்காரம்மா. எனக்குக் கோபமெல்லாம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நர்ஸாக இருந்து ஆய்வுப் பிரிவுக்கு வந்தவள். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒரு விசித்திரமான மனிதர். நோயாளிகள் தினம் டிக் போட்டு வீட்டிலிருந்து கொண்டுவரும் மாத்திரை நோட்டைத் திறந்து படிக்கமாட்டார், முதலில் மோந்து பார்ப்பார். வீட்டில் இருந்த நோட்டில் குழம்பு வாசனை இருக்கும், எண்ணெய்க் கை பட்டிருக்கும், மூலை மடங்கியிருக்கும் என்பார். ஒரு கறையும் இல்லாமல் புதுப்பெண் மாதிரி வருகிற நோட்டு வீட்டுக்கே போகவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் டிக் போட்டது என்பது அவருடைய கணக்கு. பத்துக்கு எட்டு தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. நானும் மோந்து பார்க்கப் பழகினேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு ஒரு ஆய்வு நடந்தது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஈரல்வரை பரவிவிட்டவர்களுக்கானது. பல காலமாகக் கொடுத்துவரும் ஒரு மாத்திரையோடு புதிதாக ஓர் ஊசி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி கூடுதலாகச் சுருங்குமா, இரண்டையும் சேர்த்து உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு முறை எங்களிடம் வந்து போட்டுக்கொள்வது. மாத்திரை வீட்டில் சாப்பிடுவது. காலையில் நான்கு, இரவில் நான்கு, இரண்டு வாரத்துக்கு. பிறகு ஒரு வாரம் ஓய்வு, இது ஒரு சுற்று. சாப்பிட்டதும் நோட்டில் காலைக் கட்டத்தில் ஒரு டிக், இரவுக் கட்டத்தில் ஒரு டிக். காலி அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு சுற்று முடிந்ததும் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வழவழத்து, தோல் உரியும். சிலருக்குக் கைரேகையே அழிந்துபோகும். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஆனால் நிறையப் பேருக்கு ஆகும்.

இந்த ஆய்வில் சேர ஒரே நாளில் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். அண்ணன் சோலை, தம்பி மலைச்சாமி. மதுரைக்கு மேற்கே விவசாயக் குடும்பம். தம்பி அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அண்ணன், தன் மனைவி இறந்தபின், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். சாப்பாடு மட்டும் தம்பி வீட்டில். ஒரே வருஷத்தில் இருவருக்கும் ஒரே நோய். சில குடும்பங்களில் அப்படி வரும்.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. தம்பி தேறிவிட்டார். அண்ணனுக்குச் சிறுநீரகம் சரியில்லை. அந்த மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அது பழுதானவருக்குக் கொடுத்தால் மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும். அதனால் ஆய்வு விதிப்படி அவரைச் சேர்க்க முடியாது. விதி சரியான விதிதான். அதை நான் எப்படிச் சொன்னேன் என்பதுதான் சரியில்லை.

அன்று வராந்தாவில் கூட்டம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"சோலைண்ணே, உங்களுக்குக் கிட்னி சரியில்ல. இந்த ஆய்வுல உங்களச் சேக்க முடியாது. நீங்க முன்னாடி காட்டுன எடத்துலயே காட்டுங்க."

"அங்க இனிமே ஒண்ணும் இல்லேன்னுதானம்மா இங்க வந்தோம்," என்றார் அவர். "அப்ப எனக்கு என்ன வழி?"

"அதத்தாண்ணே சொல்றேன். அங்கயே போயிக் கேளுங்க."

சொல்லிவிட்டு அதே மூச்சில் மலைச்சாமியைக் கூப்பிட்டு, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். சோலையின் பெயரைத் தேர்வாகாதவர் பட்டியலில் ஒரு வரியாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சிறுநீரகம்' என்று ஒரே வார்த்தை. அத்தோடு அவர் என் மேசையை விட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

மூன்று சுற்று முடிந்தது. மலைச்சாமிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருந்த கட்டிகள் சுருங்கியிருந்தன. வயிற்றுப்போக்கு இல்லை, வாய்ப்புண் இல்லை. உள்ளங்கை என்றால் லேத் பிடித்துக் காய்த்த கை, காய்ப்பு காய்ப்பாகவே இருந்தது. ஒரு இடத்தில்கூடத் தோல் உரியவில்லை. பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியும் மாத்திரையும் சேர்ந்து இவ்வளவு நன்றாக வேலை செய்து, பக்கவிளைவும் இல்லை என்றால் அது சாதாரண விஷயமா?

நான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மேடம், உங்களுக்கு நல்லது நடந்தாலே பிடிக்காதா?" என்று டாக்டர் சிரித்தார்.

"பிடிக்கும் சார். ஆனா நடந்துச்சான்னு பாக்கணும்."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று சுற்றுக்கும் ஒரு டிக் விடாமல் இருந்தது. எல்லாம் ஒரே நீல மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. மோந்து பார்த்தேன். குழம்பு வாசனை இல்லை. கிரீஸ் வாசனைகூட இல்லை. காலி அட்டைகளின் எண்ணிக்கை கச்சிதம். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இவர் மாத்திரையை விழுங்கவில்லை, எங்கேயோ கொட்டுகிறார். நோட்டை இங்கே வந்து நிரப்புகிறார். இங்கே நிரப்ப யாரோ உதவி செய்கிறார்கள்.

யாரோ என்றால் ஜெசிந்தாதான். எங்களோடு சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன பெண். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் மகள். நோயாளிகளிடம் அவளுக்கு இருந்த பொறுமை எனக்கு இருந்ததில்லை. மலைச்சாமி வரும் நாளெல்லாம் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை வாங்குவாள். மறு வாரம் மருந்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து காகிதங்களைச் சரிபார்க்கப் போகிறார்கள். விட்ட டிக்குகளைப் பயத்தில் இவள் போட வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"ஜெசிந்தா, இந்த டிக் எல்லாம் யாரு போட்டது?"

"அவருதான் மேடம்."

"வீட்டுல வச்சா, இங்க வச்சா?"

"வீட்டுல வச்சுத்தான். ஒரு நாள்கூட இங்க வச்சுப் போட்டதில்ல."

"கிரீஸ் கையோட பட்டறையில நிக்கிற மனுஷன் நோட்டு, இம்புட்டு சுத்தமா இருக்குமா?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. மருந்து அலமாரிச் சாவியைக் கொடு என்று கை நீட்டினேன். அவள் சாவியை என் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள்.

"நான் போட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு மேடம் கேக்குறீங்க?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும், அப்படிப்பட்ட ஆள் நான்.

இரண்டு நாள் கழித்து மலைச்சாமியின் மனைவி முத்துலட்சுமி தனியாக வந்தார். கையில் ஒரு விண்ணப்பத் தாள். வியர்த்து வழிய, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஒரு சர்ட்டிபிகேட்டு வேணும் மேடம். எங்க வீட்டுக்காரருக்கு இல்ல, அவுக அண்ணன் பெரியவருக்கு. ரேசன் கடையில அவருக்குக் கைரேக விழல. கட்டவெரலு, ஆள்காட்டி வெரலுன்னு பத்து வெரலயும் வச்சுப் பாத்தாச்சு. கண்ணப் பாக்குற மிசினு ரிப்பேருங்குறாங்க. அவரு கார்டுல அவரு ஒருத்தர்தேன், வேற ஆளும் போயி வாங்க முடியாது. தல்லாகுளத்துல ஆபீசுக்குப் போயிக் கேட்டா, டாக்டருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அப்பறம் அவருக்குப் பதிலா நீங்க வாங்கலாம்னு சொல்லுறாங்க. ரெண்டு பஸ் மாறி அலையிறேன்."

எனக்கு அன்று தலைக்குமேல் வேலை. கம்பெனி ஆள் வருவதற்குள் காகிதங்களை அடுக்க வேண்டும். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"அவரு நம்ம பேஷண்ட் இல்லையேம்மா. அவரு எங்க காட்டுறாரோ அங்க போயி வாங்குங்க."

முத்துலட்சுமி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வாசல்வரை போய்விட்டார். அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஜெசிந்தா எழுந்தாள். இரண்டு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"மேடம், அவருக்கு எதுக்கு ரேக அழியணும்?"

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் ஊரையே சந்தேகப்பட்டவள், கண் முன்னால் வந்து நின்ற ஒன்றை விரட்டிவிடப் பார்த்தேன். தேர்வான தம்பிக்குக் கையில் ஒன்றுமில்லை. தேர்வாகாத அண்ணனுக்கு ரேகை அழிந்திருக்கிறது.

"ஓடு, அவங்களக் கூப்பிடு," என்றேன். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

முத்துலட்சுமிக்கு ஒன்றும் தெரியவில்லை. "ராத்திரி சாப்புட்டுட்டு ரெண்டு பேரும் மாடிக்குப் போயிக் கொஞ்ச நேரம் பேசிட்டு வருவாக. காலையிலயும் அப்புடித்தேன். அண்ணன் தம்பி பேசுறாகன்னு நான் கண்டுக்கிறதில்ல," என்றார். பெரியவருக்கு வயிறு சரியில்லை என்று இரண்டு மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை, கஞ்சி கொடுத்தனுப்புகிறேன் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் நானும் ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு ஆட்டோ பிடித்து மூன்று பேரும் அவனியாபுரம் போனோம்.

சோலை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். உதடு வெடித்து, வாய்க்குள் புண். கண் உள்ளே போயிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து பளபளவென்று இருந்தது, விரல் நுனிகள் வழுக்கின. மலைச்சாமி பட்டறையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து நிலைப்படியில் நின்றார்.

"எத்தன நாளா வயித்தால போகுது?"

"நாலு நாளா," என்றார் சோலை.

"என்ன மாத்திர சாப்புட்டீங்க?"

அவர் தம்பியைப் பார்த்தார். மலைச்சாமி முந்திக்கொண்டார்.

"நாந்தாம்மா குடுத்தேன். நாலுல ரெண்டு எனக்கு, ரெண்டு அண்ணனுக்கு. காலையிலயும் அப்புடி, ராத்திரியும் அப்புடி. நோட்டுல நான் பொய் எழுதல. காலையில சாப்புட்டியா, ராத்திரி சாப்புட்டியான்னுதான் அதுல கேட்டுருக்கு. சாப்புட்டேன், டிக்குப் போட்டேன். எத்தன சாப்புட்டன்னு அதுல கேக்கவே இல்லயே."

அவர் சொன்னது உண்மை. அந்த நோட்டில் எண்ணிக்கைக்குக் கட்டமே கிடையாது. நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"நோட்டு இம்புட்டு சுத்தமா இருக்கே, எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"சாமி படத்துக்குப் பின்னாடி. கை கழுவிட்டுத்தேன் எடுப்பேன்."

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு இன்றும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

சோலை மெதுவாகப் பேசினார். வாய்ப்புண்ணால் ஒவ்வொரு சொல்லும் வலித்தது தெரிந்தது.

"எங்கப்பா செத்தப்ப நெலத்தப் பிரிச்சோம்மா. எங்க வீட்டு வழக்கம், ஒருத்தன் பிரிக்கணும், இன்னொருத்தன் மொதல்ல எடுக்கணும். அப்பத்தேன் பங்கு சரியா விழும். அன்னைக்கு நான் பிரிச்சேன், இவன் எடுத்தான். கெணத்துப் பக்கமாப் பாத்து எடுத்துக்கிட்டான் பய. இந்தத் தடவ இவன் பிரிச்சான். நான் எடுத்தேன்."

"உங்க கிட்னிக்கு ஆகாதுன்னு சொன்னேன்லண்ணே?"

"கிட்னி சரியில்லன்னு சொன்னீக. மாத்திரயத் தின்னா இப்புடி ஆகும்னு சொல்லல. எடமில்லாம என்னய விட்டுட்டீகன்னு நெனச்சோம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்கு வேணாம்னுதாம்மா சொன்னேன். எனக்கு இல்லேன்னா தனக்கும் வேணாம்னு டப்பாவத் தூக்கி மூலையில வச்சுட்டான். ராத்திரி வேள வந்தும் தொடமாட்டேன்னு ஒக்காந்துட்டான். இவன் திங்கணும்னுதேன் நானும் தின்னேன்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. வராந்தாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் பேசியது அப்படியே காதில் கேட்டது. உட்கார்ந்து ஐந்து நிமிஷம், இந்த மாத்திரை உங்களுக்கு விஷம் அண்ணே, இன்னாரிடம் போங்கள், இந்த மருத்துவர் வலியைக் குறைப்பார் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டிலில் அவர் இப்படிப் படுத்திருக்கமாட்டார்.

உடனே எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. சிறுநீரகம் இன்னும் மோசமாகியிருந்தது. பிழைப்பாரா என்று முதல் வாரம் யாராலும் சொல்ல முடியவில்லை. ஜெசிந்தா தன் வேலை நேரம் முடிந்தும் வார்டில் இருந்தாள். மலைச்சாமி வெளி வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் சோலை கஞ்சி குடித்தார்.

அதற்கு முன்பே, அந்த முதல் வாரத்திலேயே, எனக்கான பரீட்சை வந்தது. கம்பெனி ஆள் மறுநாள் வருகிறார். என்ன எழுதுவது? பெரிய டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கலங்கிப்போயிருந்தார். நடந்ததை அப்படியே எழுதினால் மலைச்சாமியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ, சுருங்கிக்கொண்டிருக்கும் கட்டி மறுபடி வளர்ந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

"சில வேளை மாத்திரையத் தவறவிட்டார்னு எழுதுனா போதாதா மேடம்? அதுவும் பொய் இல்லையே," என்றார்.

"தவறவிடல சார். எடுத்துக் குடுத்திருக்காரு."

"அவரை வெளிய எடுத்துட்டா?"

"இத மறைச்சா, முழு அளவு மாத்திரையும் ஊசியும் சேத்துக் குடுத்தா ஒரு தொந்தரவும் வராதுன்னு நம்ம நோட்டு சொல்லும் சார். அத நம்பி எங்கயோ ஒருத்தருக்குக் குடுப்பாங்க. அவரு வீட்டு மாடியில பங்கு வாங்க அண்ணன் இருக்கமாட்டாரு, முழு அளவும் அவரு உடம்புலதான் இறங்கும்."

டாக்டர் மலைச்சாமியின் நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, "எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்," என்றார். எழுதினேன். பாதி அளவுதான் உள்ளே போயிருக்கிறது என்பதை எழுதினேன். நோட்டில் எண்ணிக்கைக் கட்டம் இல்லாததை எழுதினேன். தேர்வாகாதவரின் கண் முன்னால் மாத்திரை டப்பாவைக் கொடுத்தது நான்தான் என்பதையும், ஏன் சேர்க்கவில்லை என்பதை அவருக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். அதைப் படித்துவிட்டு டாக்டர், "இது வேணுமா?" என்றார். வேணும் என்றேன்.

அதன்பிறகு, சாவியைக் கேட்டுக் கை நீட்டிய அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது, ஜெசிந்தாவின் கையில் சாவியைக் கொடுத்து, "தப்பு என்னோடது, மன்னிச்சிரும்மா," என்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டியது சபையில் என்றால் மன்னிப்பும் சபையில்தான் கேட்க வேண்டும். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, "பரவால்ல போலீஸ்காரம்மா," என்றாள். அறையே சிரித்தது. இப்போது உங்களில் பலருக்கு அவள்தான் மேலாளர். அவளிடம் பயப்படுங்கள், என்னைவிடக் கூர்மையானவள்.

கம்பெனியும் நெறிமுறைக் குழுவும் கூடிப் பேசினார்கள். மலைச்சாமியை எடுக்க வேண்டாம், நடந்தது நடந்தபடி பதிவாகட்டும், இனி முழு அளவு சாப்பிடுவதை உறுதி செய்யுங்கள் என்று பதில் வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் மலைச்சாமி மாத்திரையைத் தொடமாட்டேன் என்றார்.

"அண்ணனுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?"

நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் சோலைதான் வார்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினார்.

"பட்டறையும் பொண்டாட்டியும் வச்சிருக்கவன் பேசுற பேச்சாடா இது? எம் பங்க நான் உனக்குக் குடுக்குறேன். நெலத்த வாங்குனேல்ல, இதயும் வாங்கு. நீ முழுங்குறத நான் ஒக்காந்து பாப்பேன்."

அப்படியே செய்தார். வீடு திரும்பியபின் காலையும் இரவும் தம்பி வீட்டுக்குப் போய், நான்கு மாத்திரையும் தொண்டைக்குள் இறங்கும்வரை பார்ப்பார். புது நோட்டில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும், பார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டமும் ஜெசிந்தா கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் 'சோலை' என்று கோணல் எழுத்தில் தினம் இரண்டு கையெழுத்து.

சோலைக்கு இனி எந்த மருந்தும் தாங்காது, வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். இந்த முறை நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, அவசரப்படாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "இதத்தான மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். ஆமாண்ணே என்றேன். அன்றிலிருந்து தேர்வாகாதவர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாதம் கழித்து நானே போன் செய்து, எங்கே காட்டுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் வழக்கம் வந்தது. நீங்களும் கேளுங்கள். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் பிறவிக் குணம் எங்கே போகும்? தம்பியோடு சோலை துணைக்கு வரும்போதெல்லாம் அவரைத் தனியே கூப்பிட்டு, "இப்ப ஒண்ணும் ரகசியமாச் சாப்பிடலையேண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தம்பி பழையபடி பங்கு பிரித்துவிடுவாரோ என்ற பயம். "திருப்பரங்குன்றத்து முருகன் மேல சத்தியமா இல்லம்மா," என்பார். சத்தியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அடுத்த முறையும் கேட்பேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் இருவரும் வந்தார்கள். மலைச்சாமி நோட்டைக் கொடுத்தார். மூலை மடங்கி, ஒரு பக்கத்தில் ரசக் கறை. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. பட்டறையில் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, போனில் விரல் வைத்தால் திறக்கமாட்டேன் என்கிறது என்று புலம்பினார். களிம்பு எழுதிக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் குறைக்க டாக்டரிடம் பேசினோம். ஸ்கேனில் கட்டி மேலும் சுருங்கியிருந்தது. இந்த நல்ல செய்தியை நான் நம்பினேன்.

சோலை மிகவும் மெலிந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. ஜெசிந்தாவையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ரேசன் கடையில ரேக விழுந்துருச்சும்மா! மொத வெரலுலயே விழுந்துருச்சு. இனி சர்ட்டிபிகேட்டெல்லாம் வேணாம்."

"ரொம்ப சந்தோசம்ணே," என்று ஆரம்பித்த ஜெசிந்தா பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த விரலில் ரேகை திரும்பி வந்தது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உள்ளே மருந்து ஒரு சொட்டும் இல்லை. அவருடைய நோயைத் தடுத்து நிற்க அங்கே ஒன்றுமே இல்லை.

அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலை என் முன்னால் நீட்டினார்.

"வரும்போதெல்லாம் கேட்டீகள்ல, ரகசியமாத் திங்கிறனான்னு. நான் சொன்னா நம்பமாட்டீக. மிசினு சொன்னா நம்புவீகள்ல? அவனுக்கு அழிஞ்சிருச்சு, எனக்கு வந்துருச்சு. முழுசும் அவனுக்குத்தேன் போகுது. இனி எம்மேல சந்தேகம் வேணாம்மா."

நான் அந்த விரலைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வரி வரியாக, சுழி சுழியாக, ரேகை தெளிவாக இருந்தது. அது பொய் என்று சொல்ல ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று வெகுநேரம் தேடினேன்.